கணக்கு இருக்கும் இடத்துக்கே வேலை போகட்டும்

  

சம்பள நாள் என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டது, மண்டோர் குறித்துக்கொண்டது, பால் ஸ்டோரில் எடை போட்டது என்று ஒரு மாதம் முழுவதும் எழுதி வைத்த கணக்கெல்லாம் அன்றைக்கு ஒரே எண்ணாகச் சுருங்கிக் கைக்கு வந்து சேரும். அதற்கு முந்திய இரண்டு மூன்று இரவுகள் கிராணியார் ஆபீசில் விளக்கு அணையாது. இதைப் பார்த்தே நம்மில் பலர் வளர்ந்தோம்.

இன்று பெரிய நிறுவனங்களில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. ஆனால் கெடு மட்டும் மாறவில்லை. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்று நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. ஆயிரக்கணக்கான பேருடைய நாள் கணக்கு, எடைக் கணக்கு, சேமநிதிப் பிடித்தம், சொக்சோ பிடித்தம் எல்லாவற்றையும் கணினி அதற்குள் போட்டு முடிக்க வேண்டும். அந்தக் கணினி விரைவாகவும் பிழையில்லாமலும் வேலை செய்ய என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நாம் பேசப் போகும் பொருள்.

"இது படித்தவர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று யாரும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். நம் பிள்ளைகளில் பலர் இன்று பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். நம் சம்பளச் சீட்டும் இந்த வழியாகத்தான் வருகிறது. ஆகவே இரண்டு வகையில் இது நம் வீட்டுச் சங்கதி.

முதலில் ஒரு பழைய கதை. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் சில 1877இல் நம் கோலகங்சாருக்கு வந்து ஊன்றப்பட்டன. மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் பால் எடுக்கும் வழிதான் சரியாகத் தெரியவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பார்கள். அதனால் பட்டை கெட்டுப் போகும். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, 1890களில், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே மரத்தில் நாள்தோறும் பால் எடுக்கலாம் என்று காட்டினார். அதன் பிறகுதான் மலாயாவில் ரப்பர் தொழில் நிமிர்ந்து நின்றது. மரம் அதேதான், வெட்டும் முறை மாறியது.

இன்றைய கணினி உலகத்திலும் இப்படி ஒரு புது மரம் வந்து நிற்கிறது. அதைப் பழைய கோடரியால் கொத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மரம் எது, அதற்கு ஏற்ற கத்தி எது என்று பார்ப்போம்.

கணினியில் விவரங்களை வைத்துக்கொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வட்டு. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது, விலையும் குறைவு. ஆனால் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். மற்றொன்று நினைவகம். அதிலிருந்து எடுப்பது மிக விரைவு. ஆனால் விலை அதிகம், மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போய்விடும். பல ஆண்டுகளாகப் பெரிய கணக்கெல்லாம் வட்டில்தான் இருந்தது. வேண்டும்போது சிறிது சிறிதாக நினைவகத்துக்குக் கொண்டுவந்து வேலை செய்தார்கள்.

இரண்டுக்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்? சுழலும் வட்டில் ஓரிடத்தைத் தேடிப் பிடிக்க ஏறக்குறைய ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகலாம். நினைவகத்தில் அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்குதான் ஆகும். அதாவது ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். இன்னும் எளிதாகச் சொன்னால், நினைவகத்திலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வட்டிலிருந்து எடுக்க ஒரு லட்சம் விநாடி ஆகும். ஒரு லட்சம் விநாடி என்பது 27 மணி 46 நிமிடம். மேசை மேலிருக்கும் பேனாவை எடுப்பதற்கும், ஒரு பேனாவுக்காக இன்று காலையில் புறப்பட்டு நாளை மத்தியானம் திரும்பி வருவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இப்போது வந்துள்ள சுழலாத வட்டுகள் பழையவற்றைவிட வெகு விரைவானவை. அவைகூட நினைவகத்துக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

நினைவகத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்தது. "கணக்கு முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால் என்ன?" என்ற கேள்வி எழுந்தது. அப்படிப் பிறந்ததுதான் நினைவகத் தரவுத்தளம். தரவுத்தளம் என்றால் விவரங்களை ஒழுங்காக அடுக்கி வைத்த களஞ்சியம்.

இதில் பேர் பெற்ற ஒன்று ஹானா. அதை உருவாக்கியது ஜெர்மனி நாட்டின் எஸ்.ஏ.பி. நிறுவனம். 1972இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த ஐந்து பொறியாளர்கள் அதிலிருந்து விலகி இதைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர், ஐ.சி.ஐ. நிறுவனத்துக்கு ஜெர்மனியில் இருந்த ஒரு நைலான் தொழிற்சாலை. அங்கே அவர்கள் முதலில் செய்து கொடுத்தது என்ன தெரியுமா? தொழிலாளர் சம்பளக் கணக்கும் வரவு செலவுக் கணக்கும்தான்! நம் கிராணியாரின் இரண்டு பேரேடுகள்தாம் உலகப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அடிக்கல் என்றால் அது மிகையாகாது.

அந்த ஐவரில் ஒருவரான ஹாஸோ பிளாட்னர், கணக்கு முழுவதையும் நினைவகத்தில் வைக்கும் வழியைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பே, 2005இல், தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தொடங்கிய நினைவகத் தரவுத்தள நிறுவனத்தை எஸ்.ஏ.பி. வாங்கியிருந்தது. 2010இல் ஹானா அறிவிக்கப்பட்டு, 2011இல் பொது விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர், இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த விஷால் சிக்கா. 2015இல் நிறுவனங்களின் முழுக் கணக்கு வேலைக்கான மென்பொருளும் ஹானாவின் மேலேயே அமைந்து வெளிவந்தது. முந்திய மென்பொருளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027ஆம் ஆண்டு இறுதியோடு முடியும் என்றும் அறிவித்துவிட்டார்கள். ஆகவே உலகெங்கும் பழைய நிரல்களை எடுத்துப் பார்த்துத் திருத்தும் வேலை நடக்கிறது. நிரல் என்றால், கணினி செய்ய வேண்டியதை வரிவரியாக நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பு. எஸ்.ஏ.பி. நிரல்களில் பெரும்பகுதி அபாப் என்னும் மொழியில் எழுதப்பட்டவை.

"புது இயந்திரம் லட்சம் மடங்கு வேகமானது என்றால், பழைய நிரலை அப்படியே ஓட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, வேலை எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் பால் ஸ்டோர் ஓரிடம், ஆபீஸ் ஓரிடம். எடைப் புத்தகம் ஸ்டோரில் இருக்கிறது; கணக்குப் போடும் கிராணியார் ஆபீசில் இருக்கிறார். பெரிய நிறுவனங்களின் கணினியும் அப்படித்தான். விவரங்கள் களஞ்சியக் கணினியில் இருக்கின்றன. நிரல் வேறொரு கணினியில் ஓடுகிறது. நிரலுக்கு ஒரு விவரம் வேண்டுமானால், களஞ்சியத்துக்குக் கேள்வி அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நடை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் இருந்தால் மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தில் 30,000 தொழிலாளர்கள். ஆளுக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 780,000 வரிகள். பழைய முறையில் ஒவ்வொரு வரியையும் வட்டில் தேட ஆயிரத்தில் 10 பங்கு விநாடி, நடைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி என்று கொண்டால், ஒரு வரிக்கு ஆயிரத்தில் 11 பங்கு. மொத்தம் 8,580 விநாடி. அதாவது 2 மணி 23 நிமிடம்.

இனி நினைவகத் தரவுத்தளத்தை வாங்கி வைக்கிறோம். தேடும் நேரம் இல்லாததுபோல் ஆகிவிட்டது. ஆனால் நடை? அது அப்படியே இருக்கிறது. 780,000 நடைக்கு 780 விநாடி, அதாவது 13 நிமிடம். லட்சம் மடங்கு எதிர்பார்த்தோம். பதினொரு மடங்குதான் கிடைத்தது! ஸ்டோரில் புத்தகம் விரித்தே வைத்திருந்தும், கிராணியார் ஒரு பெயருக்கு ஒருமுறை பையனை ஓட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

மாறாக, "ஒவ்வொரு தொழிலாளிக்கும் இம்மாத எடையைக் கூட்டி, ஆளுக்கு ஒரு தொகையாகக் கொடு" என்று ஒரே கேள்வி அனுப்பினால்? களஞ்சியக் கணினியே அங்கேயே கூட்டிவிடும். 780,000 வரிகள் வர வேண்டிய இடத்தில் 30,000 வரிகள் ஒரே நடையில் வந்து சேரும். சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். இன்றைய பேச்சின் மையக் கருத்து இதுதான்: கணக்கை வேலைக்குத் தூக்கி வராதீர்கள், வேலையைக் கணக்கு இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

பழைய நிரல்களை எழுதியவர்கள் அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாளில் களஞ்சியம் மெதுவானது. அதை எல்லா நிரல்களும் பங்குபோட்டுக்கொண்டன. ஆகவே, "களஞ்சியத்துக்குச் சுமை கொடுக்காதே, விவரத்தை வெளியே எடுத்துவந்து கூட்டல் கழித்தலை நீயே செய்துகொள்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. காலம் மாறியபோது பழக்கம் மாறாமல் நிற்பதுதான் தொல்லை.

அடுத்து, விவரங்களை அடுக்கும் முறையைப் பார்ப்போம். செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் ஓர் ஆளின் பெயர், பிரிவு, வேலைக்காடு, நாள், எடை எல்லாம் இருக்கும். பழைய தரவுத்தளங்கள் இப்படி வரிவரியாக அடுக்கின. எடையை மட்டும் கூட்ட வேண்டுமானாலும் எல்லா வரிகளையும் முழுக்கப் புரட்ட வேண்டும். ஹானா போன்றவை பெரும்பாலும் பத்திபத்தியாக அடுக்குகின்றன. பெயரெல்லாம் ஒரு கட்டு, பிரிவெல்லாம் ஒரு கட்டு, எடையெல்லாம் ஒரு கட்டு. எடையைக் கூட்ட எடைக் கட்டை மட்டும் தொட்டால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நிறுவனத்தில் நான்கே பிரிவுகள் என்றால், பிரிவுப் பத்தியில் 780,000 வரியிலும் அந்த நான்கு பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பெயருக்கும் 20 எழுத்துக்கான இடம் ஒதுக்கினால் ஒரு கோடியே 56 லட்சம் எழுத்திடம் வேண்டும். பெயர்களை ஒருமுறை எழுதி 0, 1, 2, 3 என்று குறியீடு கொடுத்துவிட்டால், வரிக்கு இரண்டே இரண்டு பிட் போதும். எட்டுப் பிட் ஓர் எழுத்திடம். ஆக மொத்தம் 195,000 எழுத்திடம். எண்பதில் ஒரு பங்கு. நினைவகம் விலை அதிகம் என்றோமே, அதில் முழுக் கணக்கையும் அடக்க முடிவது இப்படிச் சுருக்குவதால்தான்.

இவற்றைத் தெரிந்துகொண்டால், நிரல் எழுதுகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறைகள் தாமாகவே விளங்கும். ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, வேண்டியதை மட்டும் கேட்பது. பழைய நிரல்களில் "எல்லாப் பத்தியும் கொடு" என்று கேட்கும் வழக்கம் உண்டு. நூறு பத்தி வரும். அதில் மூன்றைத்தான் பயன்படுத்துவார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. பத்திபத்தியாக அடுக்கிய களஞ்சியத்தில் இது இன்னும் கேடு. நூறு கட்டிலிருந்தும் துண்டுதுண்டாக எடுத்து ஒரு வரியாகக் கோக்க வேண்டியிருக்கும். பெயரும் எடையும் வேண்டுமானால் பெயர், எடை என்று சொல்லியே கேட்க வேண்டும். வரிகளையும் அப்படியே: இந்த மாதம் வேண்டுமானால் இந்த மாதம் என்று கேள்வியிலேயே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வாங்கி வந்து பிறகு கழித்துக் கட்டக் கூடாது.

இரண்டாவது, சேர்த்துக் கேட்பது. ஒன்று ஒன்றாகக் கேட்கும் சுழற்சியை நிரலிலிருந்து நீக்க வேண்டும். தொழிலாளர் அட்டவணையும் எடை அட்டவணையும் வேண்டுமானால் இரண்டையும் களஞ்சியத்திலேயே இணைத்துக் கேட்க வேண்டும். அபாப் மொழியில், கையிலுள்ள பட்டியலைக் கொடுத்து "இவர்கள் அனைவருக்கும் உள்ளதைக் கொடு" என்று கேட்கும் வழியும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. கொடுக்கும் பட்டியல் காலியாக இருந்தால், பொறுக்கும் நிபந்தனைகள் யாவுமே இல்லாமற்போய், எல்லா வரியும் வந்து குவிந்துவிடும். பட்டியல் காலியா என்று முன்பே பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

மூன்றாவது, மொத்தத்தைச் சேமித்து வைப்பதா, அவ்வப்போது கூட்டுவதா என்பது. முன்பு கூட்டுவதற்கு வெகுநேரம் ஆனதால், மாத மொத்தம், பிரிவு மொத்தம் என்று தனித்தனி அட்டவணைகளில் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு முறை ஒரு வரி சேரும்போதும் அந்த மொத்தங்களையும் திருத்த வேண்டும். வரிக் கணக்கு ஒன்று சொல்ல, மொத்தம் வேறொன்று சொல்லும் அபாயமும் உண்டு. 2015இல் வந்த புதிய எஸ்.ஏ.பி. மென்பொருளில் இத்தகைய மொத்த அட்டவணைகள் பலவற்றை எடுத்துவிட்டார்கள். கேட்கும்போது வரிகளிலிருந்தே கூட்டித் தருகிறார்கள். அதனால் எந்த மொத்தத்தைப் பார்த்தும் "இது எந்த வரிகளிலிருந்து வந்தது?" என்று கேட்க முடிகிறது. இதை மனத்தில் வையுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

நான்காவது, எழுதும் முறை. பத்திபத்தியாக அடுக்கிய களஞ்சியத்தில் படிப்பது எளிது. ஒவ்வொரு வரியாக எழுதுவது அவ்வளவு எளிதன்று. ஆகவே புதிதாக வருபவை முதலில் ஒரு சிறு குறிப்பேட்டில் ஏறும். பின்னர் மொத்தமாகப் பேரேட்டில் சேர்க்கப்படும். ஹானா உள்ளேயே இப்படிச் செய்துகொள்கிறது. நிரல் எழுதுகிறவரும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் திருத்தாமல், சேர்த்து ஒருமுறையாக எழுதினால் வேலை இலேசாகும்.

"மின்சாரம் போனால் நினைவகத்தில் உள்ளதெல்லாம் போய்விடுமே?" என்று இதற்குள் யாராவது கேட்டிருப்பீர்கள். இடிமழை ஊரில் இருக்கும் நமக்கு அது நியாயமான பயம். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் "முடிந்தது" என்று சொல்லப்படுமுன் வட்டில் ஒரு நாட்குறிப்பாக எழுதப்பட்டுவிடும். அதோடு, வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தில் மாறியவையும் வட்டில் பதிக்கப்படும். மின்சாரம் திரும்பியதும் இரண்டையும் சேர்த்துக் கணக்கை மீட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் களஞ்சியத்தின் தலையில் ஏற்றாமல் இருப்பது. கூட்டல், பொறுக்கல், இணைத்தல் போன்றவை விவரம் இருக்கும் இடத்தில் நடக்கட்டும். ஆனால் சேமநிதி, சொக்சோ பிடித்த அட்டவணை போன்று சிறியவை, எப்போதாவது மட்டும் மாறுபவை, ஆபீஸ் மேசையிலேயே ஒரு பிரதி இருக்கலாம்; அதற்கும் ஸ்டோருக்கு நடக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னதாக, அளந்து பார்க்க வேண்டும். எந்தக் கேள்வி எத்தனை முறை போகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன. நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதில் பயன் இல்லை.

ஆறாவது ஒன்று உண்டு. அது வேகத்தைப் பற்றியதன்று, நேர்மையைப் பற்றியது. அதை நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே சொல்கிறோம்.

எங்களிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது நிரல் எழுதும் வேலையில் இருக்கிறாள். பால் வெட்டிய தாயின் பிள்ளை. அவள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே பழைய தரவுத்தளத்தை நீக்கிவிட்டு நினைவகத் தரவுத்தளம் வைத்தார்கள். முதல் மாதச் சம்பளக் கணக்கு மளமளவென்று முடிந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். சம்பளச் சீட்டு கைக்கு வந்த மறுநாள், ஒரு தொழிலாளி அம்மா ஆபீசுக்கு வந்து நின்றார். ஒரு நாள் கூடத் தவறாமல் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் வருகைப் படி தமக்கு வரவில்லை என்றார். "கணினி தப்புச் சொல்லாது அம்மா" என்றார்கள். அவர் தம் சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அதில் பென்சிலால் ஒரு கோடு. எண்ணிப் பார்த்தார்கள், அவர் சொன்னதே சரி. தேடியபோது அவரைப் போல இன்னும் சிலர் விடுபட்டிருந்தார்கள்.

பிழை எங்கே இருந்தது? நாம் அகராதியில் ஒரு சொல்லை எப்படித் தேடுகிறோம்? நடுவில் திறக்கிறோம். வேண்டிய சொல் முன்னால் என்றால் பின்பாதியை விட்டுவிடுகிறோம். மீண்டும் நடுவில் திறக்கிறோம். நாலைந்து தடவையில் நெருங்கிவிடுகிறோம். கணினியிலும் இம்முறை உண்டு. ஆனால் அகராதி அகர வரிசையில் இருந்தால்தான் இது பலிக்கும். தாள்களைக் கலைத்துப் போட்டுவிட்டு இப்படித் தேடினால், இருக்கும் சொல்லையே "இல்லை" என்று சொல்லிவிடுவோம்.

அங்கே நடந்தது அதுதான். பழைய களஞ்சியம், யாரும் கேட்காமலே பெயர்ப் பட்டியலை வழக்கமாக எண் வரிசையில் கொடுத்து வந்தது. நிரல் எழுதியவர் அதையே நம்பி, வரிசை வேண்டும் என்று கேள்வியில் எழுதாமல் விட்டுவிட்டார். புதிய களஞ்சியம் தனக்கு வசதியான முறையில் கொடுத்தது. கேட்காத வரிசையைக் கொடுக்கும் கடமை அதற்கு இல்லையே! பாதிபாதியாகத் தேடிய நிரல், இருந்த சிலரை "இல்லை" என்று தள்ளிவிட்டது. எங்கள் மாணவி "எண் வரிசையில் கொடு" என்று ஒரு வரி சேர்த்தாள். பிழை தீர்ந்தது. விடுபட்டவர்களுக்குப் படியும் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்த நாட்காட்டி இல்லாதிருந்தால் எத்தனை மாதம் அது மறைந்திருக்குமோ?

ஆகவே ஆறாவது முறை இது: வேண்டியதை வாய்விட்டுக் கேள். வழக்கமாக நடப்பதை விதி என்று நம்பிவிடாதே. இயந்திரத்தை மாற்றும்போது, பழைய விடையும் புதிய விடையும் ஒன்றுதானா என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார். விரைவு பிறகு, சரி முதலில்.

நேயர்களே, இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, பெரியவர்களுக்கு. கணினி போட்ட மொத்தம் என்று பயந்து வாயடைத்து நிற்க வேண்டாம். மொத்தம் என்பது வரிகளின் கூட்டல்தான். அந்த வரிகளை இன்று கணினி ஒரு நொடியில் எடுத்துக் காட்ட முடியும். "நேரமாகும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் காரணம் இப்போது குறைந்துவிட்டது. ஆகவே எத்தனை நாள், எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம் என்று கேளுங்கள். நம் வீட்டுச் சுவரிலும் ஒரு நாட்காட்டி, பக்கத்தில் ஒரு பென்சில் இருக்கட்டும்.

மற்றொன்று, பிள்ளைகளுக்கு. இன்று நாம் சொன்ன முறைகளில் எதுவும் விலை உயர்ந்த இயந்திரத்தில் தொடங்கவில்லை. கூட்டல், வகுத்தல், அட்டவணை போடுதல், வரிசைப்படுத்துதல், கேள்வியைத் தெளிவாகக் கேட்டல் ஆகிய பள்ளிப் பாடங்களில்தான் தொடங்குகின்றன. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த இடங்களிலும் நம் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அங்கே நாலாம் ஆண்டில் கணக்கை ஒழுங்காகக் கற்ற பிள்ளைக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

முடிக்குமுன், இன்றிரவு வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒரு நோட்டில் நாள், அரிசி, காய்கறி, பஸ் கட்டணம் என்று பத்தி பிரித்து, முப்பது நாள் செலவை எழுதுங்கள். ஒரு பிள்ளை நோட்டோடு சமையலறையில் இருக்கட்டும். இன்னொரு பிள்ளை கூடத்தில் இருக்கட்டும். கூடத்துப் பிள்ளை ஒவ்வொரு நாளின் அரிசிச் செலவையும் தனித்தனியாக நடந்துபோய்க் கேட்டு வந்து கூட்டட்டும். பிறகு ஒரே முறை போய், "அரிசிப் பத்தியை மட்டும் கூட்டிச் சொல்" என்று கேட்டு வரட்டும். இரண்டுக்கும் ஆன நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விடையும் ஒன்றுதானா என்று ஒப்பிடவும் மறக்க வேண்டாம். விடை ஒத்து, கால் வலியும் மிஞ்சியது என்றால், இன்றைய பாடம் விளங்கிவிட்டது என்று பொருள்.